ரீடிங்

வலது முட்டிச் சில்லுக்குக் கீழே
ஒரு விரல் வைத்தால் மறைந்துபோகும் இடம்.
அங்கேதான்.
படி ஏறும்போது ஒன்றும் சொல்லாது.
இறங்கும்போது பேசும்.

பள்ளத்தூரில் என் பகுதிக்கு நானூற்றுச் சொச்சம் வீடுகள்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வேண்டும்.
இங்கே எந்த வீடும் தரையோடு இல்லை.
தெருவிலிருந்து ஐந்து படி, ஏழு படி,
பிறகு ஒரு நிலை, பிறகு இன்னொரு நிலை,
மீட்டர் மட்டும் கடைசிக் கட்டில்
அரிசி மூட்டைக்குப் பின்னால்.

ஞாயிறானால் பள்ளி மைதானத்தில் வாலிபால்.
நான் அடிக்கிறவள்.
முப்பத்தாறு வயதிலும்
வலைக்கு மேலே என் கை தெரியும்.
தெரிந்தது, சித்திரை வரைக்கும்.

தைலம். வெந்நீர் ஒத்தடம். முட்டிக்கு உறை.
"ஒரு மாசம் காலை அசைக்காம கிட அமுதவல்லி."
கிடந்தேன். மெடிக்கல் லீவில்,
தலையணைமேல் காலை வைத்து.
வலி போயே போச்சு.
மறு ஞாயிறு மைதானத்துக்குப் போய்
ஒரே ஒரு பந்துக்குக் குதித்தேன்.

நொண்டி வெளியே வரும்போது
வெ.நா. வீடு ஞாபகம் வந்தது.
வருஷக்கணக்கில் என் பதிவில்
கதவு பூட்டு, கதவு பூட்டு.
மகள் கல்யாணத்துக்கு மலேசியாவிலிருந்து வந்தவர்கள்
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு
எல்லா விளக்கையும் ஒரே சாயங்காலம் போட்டார்கள்.
மேளக்காரர் உறையை அவிழ்ப்பதற்குள்
தெருவே இருட்டு.

காரைக்குடியில், செக்காலை ரோட்டில்,
பிசியோ நஸ்ரின் அந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தி
நான் கத்தியதைக் குறித்துக்கொண்டாள்.
"தசைநாண். லோடு தாங்கலை.
லோடைக் குறைக்கணும்,
கனெக்‌ஷனைப் பிடுங்கக் கூடாது."
மின்வாரியத்துக்காரிக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பத்துக்கு எத்தனை வலிக்கிறது?
மூன்று வரை போகலாம். நாலென்றால் அன்றைக்கு அதோடு சரி.
ஆனால் தீர்ப்பு அன்றைக்கில்லை,
மறுநாள் காலை
கட்டிலை விட்டு இறங்கும் முதல் எட்டு.

பாக்கெட் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்கினேன்.

வெ.நா. வீட்டு வளவில்
முதுகு வழுக்கும் பளபளப்புச் சுவர்.
அதில் சாய்ந்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து
நாற்பத்தைந்து விநாடி. ஐந்து தடவை.
தொடை வெடவெடக்கும்.
வாட்ச்மேன் அடைக்கலம் முதல் நாள்
"மயக்கமா தாயி" என்று சொம்போடு ஓடிவந்தார்.
இப்போது அவரே எண்ணுகிறார்,
முப்பதுக்குமேல் கொஞ்சம் வேகமாக,
இரக்கப்பட்டு.

பிறகு ஒற்றைக் காலில் மூன்று எண்ணி ஒரு படி.
பிறகு தோள்பையில் ஐந்து கிலோ அரிசியோடு அதே படி.

ஆவணியில் ஒரு காலை, ஆறு.
காரணம் தெரியும்:
முந்தின நாள் திருமயம் போய்க் கோட்டை ஏறினேன்.
நஸ்ரினிடம் சொல்லவில்லை.
நோட்டில் மட்டும் எழுதினேன்,
பொய் ரீடிங் எழுதிப் பழக்கமில்லை.

மைதானத்தை விடவில்லை.
நின்ற இடத்தில் நின்று
பந்தைத் தூக்கிக் கொடுக்கிறேன்.
என் இடத்தில் ரெஜினா அடிக்கிறாள்.
நன்றாகவே அடிக்கிறாள்.
அது பத்துக்கு எத்தனை என்று
யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் எட்டுக் குதிக்கு அனுமதி கிடைத்தது.
எண்ணிக் குதித்தேன்.
நாலாவதில் கை வலைக்கு மேலே போனது,
ஏழாவதில் ஒரு பாயிண்ட்.
ஒன்பதாவது பந்து
யாரோ கட்டித் தொங்கவிட்டதுபோல
கைக்கு வாகாக வந்து நின்றது.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
பந்து மண்ணில் விழுந்தது.
ரெஜினா திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

திங்கள் காலை.
போர்வையை விலக்கி
வலது காலை முதலில் தரையில் வைத்தேன்.
இரண்டு.
எழுதிவிட்டு, பையை மாட்டிக் கிளம்பினேன்.
முதல் வீட்டுக்கு ஏழு படி.